அடுப்பு வீட்டு மதினியின் பாதிச் சுவர்

எங்கள் ஊரான தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வந்த லாரி, மணப்பாட்டில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து தலைத்துண்டை அவிழ்த்தார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"வாத்தியாரே, அடுப்பு வீட்டம்மா காலையில போயிட்டாக. உம்மைக் கையோட கூட்டியாரச் சொன்னாக."

நான் அழவில்லை. வகுப்பறைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அலுப்பு என்றால் அப்படியொரு அலுப்பு. யுத்தம் முடிந்தது, சுதந்திரமும் வந்தது, ஆனால் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒன்றும் முடியாமல் இழுத்துக்கொண்டே கிடந்ததே, அந்த அலுப்பு.

மறைந்தவர் என் அண்ணன் சூசையின் மனைவி, என் மதினி செசிலியம்மாள். எங்கள் தெருக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு அந்த வீட்டின் பெயர்க் காரணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் பாட்டனார் முத்து வியாபாரி. ஒருமுறை இலங்கையின் குளிர்மலை ஊரான நுவரெலியாவில் தோட்டத்துத் துரை ஒருவரின் பங்களாவுக்கு முத்து காட்டப் போனவர், அங்கே கூடத்துச் சுவரில் குடைந்த மாடத்தில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்வதைக் கண்டு சொக்கிப்போனார். ஊர் திரும்பியதும் தம் வீட்டுக் கூடத்திலும் அதேபோல் ஒரு கணப்பு கட்டினார். மார்கழியிலும் விசிறியைக் கீழே வைக்காத ஊரில் கணப்பு! அதுவாவது போகட்டும். புகைபோக்கி வைக்கவில்லை மனிதர். துரை வீட்டுக்குள் நின்று பார்த்தவருக்குக் கூரைக்கு மேலே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கிறிஸ்துமஸுக்கு ஊர்ப் பெரியவர்களை எல்லாம் அழைத்து நெருப்பு மூட்டினார். வந்தவர்கள் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார்கள். அன்று முதல் அது அடுப்பு வீடு. பிறகு அந்த அடுப்பில் நெருப்பு மூட்டியதே இல்லை. வருஷாவருஷம் அதற்குள் குழந்தை இயேசுவின் குடில் வைப்போம். ஆனால் அன்றைய புகை மேல்சுவரில் அப்பிய கரி மட்டும் போகவேயில்லை. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் தை மாதத்துக்குள் வெளியே வந்து நின்று சிரிக்கும்.

மதினி வீரபாண்டியன்பட்டினத்துப் பெண். கல்யாணமாகி வந்த அன்றே என்னைப் பார்த்து, "என்ன கொழுந்தனாரே, நடுவீட்டுல அடுப்பு? சோறு இங்கனயா பொங்கணும்?" என்று கேட்டார். அண்ணன் தலை குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பார்த்து வாய்விட்டுக் கேலி செய்த முதல் ஆள் அவர்தான். அந்தக் கரியை மறைக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டவரும் அவர்தான்.

அண்ணன் கொழும்புக்குப் போகும் தோணியில் தண்டல். தோணியை நடத்திப் போகும் பொறுப்பு அவருடையது. "கொழும்புல சுவத்துல ஒட்டுத காயிதம் இருக்கு, செசிலி. பூப்போட்டது. வாங்கியாரேன்" என்று சொல்லிச் சொல்லியே சில வருஷம் ஓட்டினார். கடைசியில், யுத்தம் எங்கள் கடல் பக்கம் நெருங்கிய சமயத்தில், சொன்னபடி வாங்கி வந்தார். பச்சைக் கொடியில் நீலப் பூ. மதினி சுருளை விரித்துவிட்டு வாயடைத்துப் போனதை அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

மறுநாளே மைதா மாவில் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சினார். அண்ணன் ஏணியில் நின்று ஒட்ட, நான் கீழே பிடித்துக்கொள்ள, மதினி எதிரே நின்று, "கோணுது, கோணுது. தோணியையும் இப்படித்தான் ஓட்டுதிகளா?" என்று விரட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் பாதிச் சுவர் முடிந்திருந்தது. அப்போது தோணி முதலாளியின் ஆள் வந்தார். காற்று வாகாக இருக்கிறது, உடனே புறப்பட வேண்டும் என்றார்.

அண்ணன் பசைக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மிச்சத்த நான் வந்து ஒட்டுதேன். யாரும் கை வைக்கப்பிடாது."

போன தோணி கொழும்பு சேரவில்லை. எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. கூடப் போனவர்களிலும் ஒருவர்கூடத் திரும்பவில்லை. மற்ற வீடுகளில் கொஞ்சகாலம் காத்திருந்து, அழுது, துக்கப் பூசை வைத்தார்கள். மதினி வைக்கவில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று தெருவே காலியாகி உள்நாட்டுக்குப் போனபோது நான் மாட்டுவண்டியோடு போய் நின்றேன். "அவுக வந்து கதவத் தட்டுனா யாரு தெறப்பா? நீரு போம்" என்றார். வெறும் வண்டியோடு திரும்பினேன்.

பூசை விஷயத்தில் எங்களுக்குள் நடந்த சண்டைக்குக் கணக்கில்லை. பங்குச் சாமியார் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். நான் பக்குவமில்லாமலும் சொல்லிப் பார்த்தேன். "மதினி, அண்ணன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைக்காம இப்படி விட்டுட்டா எப்படி?" என்றால், சுவரைக் காட்டுவார். "அவுக மிச்சத்த ஒட்ட வருவாக. உசுரோட இருக்கவுகளுக்குப் பூசை வைக்கச் சொல்லுதீரே, உமக்கு நல்லாருக்கா?"

சுவரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊர்ச் சுவர் உப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கடலிலிருந்து கொண்டல் காற்று வீசினால் போதும், வேர்த்துவிடும். அண்ணன் ஒட்டிய காகிதம் ஓரத்தில் கிளம்பும். உடனே எனக்கு ஆள் வரும். மணப்பாட்டிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து ஏணியில் ஏறுவேன். கிளம்பிய இடத்தைத் தடவி ஒட்டுவேன். வலப்பக்கத்துக் கரியைத் தொடக் கூடாது. ஒருமுறை அலுத்துப்போய், "மிச்சக் காயிதத்தையும் இன்னைக்கே ஒட்டிருதேனே, சனியன் தீரட்டும்" என்று சுருளை எடுத்தேன். அவர் வந்து அதை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ஆனால் சோறு மட்டும் போட்டார், மீனோடு.

மாவுக்கு ரேஷன் வந்த காலத்தில்கூடப் பசைக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்துவிடுவார். "சோத்துக்கே மாவில்ல, சுவத்துக்குப் பசையா?" என்று பக்கத்து வீட்டுப் பிலோமினாள் சத்தம் போடுவார். "எம் பங்கச் சுவத்துக்குக் குடுக்கேன், ஒனக்கென்னளா?" என்று மதினி திருப்பிக் கொடுப்பார். இரண்டு பேருக்கும் வாய் அப்படி. ஒருவரையொருவர் பார்க்காமல் ஒருநாளும் இருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சுவரைப் பார்த்து விழிப்பார்கள். ஒரு பாதி பூ, ஒரு பாதி கரி. கிறிஸ்துமஸுக்குக் குடில் வைத்தால் மாதா பக்கம் பூவும் சூசையப்பர் பக்கம் கரியுமாக இருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு கனத்துப்போகும். ஏன் பொய் சொல்ல வேண்டும், வரவர அந்த வீட்டுக்குப் போகவே எனக்குச் சோர்வாக இருந்தது. அவர் சோர்ந்து நான் பார்த்ததில்லை. இந்த வருஷம் நெஞ்சுவலி வந்த பிறகுதான் கட்டிலில் உட்கார்ந்து பேசும் பழக்கம் வந்தது.

லாரியில் வந்து இறங்கி உள்ளே போனேன். கூடத்தில் பெஞ்சின் மேல் மதினியைக் கிடத்தியிருந்தார்கள். நான் முகத்தைப் பார்க்கக் குனிந்தவன், நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன்.

கரி இல்லை. கணப்புக்கு மேலே, இடமும் வலமும், முழுச் சுவரும் பூ.

வலப்பக்கம் தலைகீழாக ஒட்டியிருந்தது. இடப்பக்கத்துப் பூக்கள் கூரையைப் பார்க்க, வலப்பக்கத்துப் பூக்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"யாரு ஒட்டினது?" என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"அவதான் அண்ணாச்சி" என்றார் பிலோமினாள். "போன வாரம் திடீர்னு பசை காய்ச்சுனா. ஏளா, நெஞ்சுவலிக்காரி, ஏணில ஏறாதன்னேன். கேட்டாளா? நான் ஏணியப் பிடிச்சேன், அவ ஒட்டுனா. பூவு தலகீழா இருக்குன்னு பாதியில நாந்தான் சொன்னேன். அதுக்கு அவ, இருக்கட்டும், அவுகளுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியட்டும்னு சிரிச்சா."

"அண்ணன் வந்து ஒட்டுவாருன்னுல்லா வச்சிருந்தாக?"

பிலோமினாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நானும் அதத்தான் கேட்டேன், அண்ணாச்சி. அவ ஏணிய விட்டு எறங்கி, மூச்சு வாங்க உக்காந்து சொன்னா: அவுக வரமாட்டாக, பிலோமி. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா ஊரே இந்தக் கூடத்துல வந்து உக்காரும். பொண்டாட்டி செத்துக் கெடக்கா, புருசன் பாதி வேலையில விட்டுட்டுப் போயிட்டான்னு அவுகள ஒருத்தரும் பேசப்பிடாது. அதான் ஒட்டுதேன்னா. பூசையில ரெண்டு பேரு பேரையும் சேத்து வாசிக்கணும்னு கொழுந்தனார்ட்ட சொல்லுன்னா."

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். ரொம்ப நாளாத் தெரியுமாம். அப்படியானால் என்னோடு போட்ட சண்டையெல்லாம்? நான் வண்டியோடு திரும்பினேனே, அதெல்லாம்? ஒருவேளை அண்ணன் போய்விட்டார் என்று நான் அடித்துச் சொல்லச் சொல்ல, இல்லை, வருவார் என்று எதிர்த்துப் பேச அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கும். போகட்டும். அதற்காவது பயன்பட்டேனே.

பெண்கள் வந்து, தாலியோடு அடக்கம் செய்வதா, எடுத்துவிட்டா என்று தயங்கிக் கேட்டார்கள். இருக்கட்டும் என்று சொன்னேன்.

பூசையில் பங்குச் சாமியார் இரண்டு பெயரையும் வாசித்தார். செசிலி, சூசை. அண்ணன் பெயரை அந்தக் கோவிலில் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷம் மல்லுக்கட்டியவன் நான்தான். கேட்டதும், ஐயோ, இன்னும் கொஞ்சநாள் வாசிக்காமலே இருந்திருக்கலாமே என்று இருந்தது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது கொண்டல் அடித்துக்கொண்டிருந்தது. மதினி ஒட்டிய பக்கத்தில் ஓர் ஓரம் கிளம்பியிருந்தது. மைதா டப்பாவைத் திறந்து பார்த்தேன். பசைக்கென்று ஒதுக்கிய ஒரு பிடி அடியில் இருந்தது. காய்ச்சி எடுத்து வந்து, ஏணியில் ஏறி, உள்ளங்கையால் தடவி ஒட்டினேன். தலைகீழ்ப் பூவைத் திருத்தவில்லை.

மதினி, உங்களை வழியனுப்ப எனக்குப் பெரிய வார்த்தை எதுவும் இல்லை. அண்ணன் ஒரு பாதி ஒட்டினார், நீங்கள் ஒரு பாதி ஒட்டினீர்கள். கொண்டல் வீசும்போது நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். இனிமேல் ஆள் அனுப்ப வேண்டாம்.