மஞ்சள் துணி சுற்றிய பிஸ்கட் டின்

என் கணவரின் சம்பளக் கார்டு மூன்று வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் இல்லை. பீடோங் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், கடன் கொடுப்பவரின் மேசை டிராயரில் கிடந்தது. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஆட்களுக்கு இது தெரிந்த ஏற்பாடுதான். கடன் வாங்கும்போது பேங்க் கார்டையும் அதன் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். சம்பளம் ஏறிய அன்று அவர்களே மெஷினில் எடுத்து, தவணையைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத் தருவார்கள். சொந்தச் சம்பளத்தை வாங்க அவர் படியேறிப் போய், இன்னொருத்தன் எண்ணி நீட்டுவதை வாங்கிக்கொண்டு வருவார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அன்றைக்கு மட்டும் சாப்பாடு வேண்டாம் என்பார்.

கடன் எதற்கு வாங்கினோம் என்று நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். மகளின் சடங்குக்கு. வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி நாலு பேருக்குச் சோறு போட்டால் போதும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. அவர் தொழிற்சாலையில் யாரோ மண்டபத்தில் வைத்துவிட்டார்களாம், இவருக்கும் மண்டபம்தான் வேண்டுமாம். மேடை, வீடியோ, பாட்டுக்காரர்கள், மகளுக்கு மூன்று சேலை. வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ரொம்பச் சிறப்பாகச் செய்துவிட்டீர்கள் என்று சொல்லிப் போனார்கள். மொய்யாக வந்தது சமையல்காரருக்கே சரியாகப் போனது.

தாலியைத் தவிர என்னிடம் இருந்த மற்ற நகையெல்லாம் விற்று, நான் ஒரு பழைய வேன் வாங்கினேன். செமிலிங் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேலை. பொம்பளை வேன் ஓட்டுகிறாளா என்று முதலில் முகத்தைச் சுளித்தவர்கள், பிள்ளை நேரத்துக்கு வீடு வருவதைப் பார்த்ததும் பேச்சை விட்டார்கள். வேன் காசில் அரிசி, கரண்ட், தண்ணீர். அவர் சம்பளம் முழுவதும் கடனுக்கு. தவணைக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் மாடிக்குப் போய்ச் சொன்னேன். சீக்கிரம் கட்டுகிறவர்களை அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கார்டு திரும்பி வந்த நாளில் அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன்.

கடன் தீர்ந்தால் காசு சேரும் என்று நினைத்தேன். எங்கே சேர்ந்தது? போனில் வரும் வீடியோவில் ஒருவர் சட்டை கசங்காமல் உட்கார்ந்து, ஆறு மாதச் செலவை ஒதுக்கி வையுங்கள் என்கிறார். ஒதுக்கி வைப்பது எனக்கு வரும். ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிந்த பிறகு எப்படி இல்லை என்று சொல்வது, அதை அவர் சொல்லித் தருவதில்லை. நம் ஆட்களிடம் கையில் காசு இருந்தால் இல்லையென்று வாய் வராது. பேங்கில் போட்டாலும் அதே கதைதான். முன்பாவது நேரில் வந்து கேட்டார்கள். இப்போது போனிலேயே அனுப்பு என்கிறார்கள்.

கேட்டு வருபவர்களில் முதல் ஆள் என் நாத்தனார். கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இரண்டு வரிசை தள்ளி இருந்தார். அவர் கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் எந்த வேலையிலும் நிலைக்க மாட்டான், இவர் ஒரு பள்ளிக் கேண்டீனில் வேலை பார்த்தார். ஒரு மாதம் மகனின் மோட்டார் சைக்கிளுக்குப் போலீஸ் போட்ட சம்மன், ஒரு மாதம் கரண்ட் பில், ஒரு மாதம் பல் வலி. சம்பளம் வந்ததும் தந்துவிடுகிறேன்லா என்பார். தரமாட்டார். நானும் கேட்கமாட்டேன். கேட் பக்கம் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே, இன்றைக்கு எவ்வளவோ என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெருநாளுக்கு வந்த பெரிய பிஸ்கட் டின் ஒன்று காலியாகக் கிடந்தது. மூடியில் ஒரு பிளவு வெட்டி, மஞ்சள் துணியைச் சுற்றி, குங்குமம் வைத்து, சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். தைப்பூசத்துக்கு வேண்டுதல், சேர்த்துக் கொண்டுபோய்ப் போடப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். கணவரிடமும் அதையேதான் சொன்னேன். அவரிடம் உண்மையைச் சொன்னால் அக்காவின் கண்ணீரைப் பார்த்து மூடியைத் திறந்துவிடுவார். எந்தத் தைப்பூசம் என்று யாராவது கேட்டால், அவன் கூப்பிடும்போதுதானே போக முடியும் என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. சாமி காசை யார் கேட்பார்கள்?

ஒவ்வொரு வாரமும் நோட்டை நான்காக மடித்துப் பிளவில் தள்ளினேன். எண்ணவே இல்லை. எண்ணினால் எனக்கே ஆசை வந்துவிடும். என் கணவர் வெள்ளிக்கிழமைகளில் குளித்துவிட்டு அந்த டின்னுக்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டினார். அண்ணி விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தால், கும்பிட்டுவிட்டு ஏதோ ஒன்றை உள்ளே போடுவார். ஒரு வெள்ளி நோட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கடன் கேட்டு வந்தால் மட்டும், எல்லாம் சாமிக்குப் போய்விட்டது அண்ணி என்பேன். அவர் சரி என்று திரும்பிப் போவார். எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

பள்ளி திறந்து சில நாட்களிலேயே வேன் நின்றுவிட்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கியர் விழவில்லை, அடியில் எண்ணெய் கொட்டியது. இழுத்துக்கொண்டு போய்க் காட்டியதில், கியர்பாக்ஸ் போய்விட்டது என்றார் போமன். இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வோம். அலோர் ஸ்டாரில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெட்டி ஒன்று இருக்கிறதாம், பாதிக் காசை முன்னால் கொடுத்தால்தான் எடுத்து வருவாராம். அதுவரை பிள்ளைகளை இன்னொரு வேன்காரர் ஏற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார். அவர் புத்தம்புது ஏர்கண்டிஷன் வேன் வைத்திருக்கிறார். ஒரு வாரம் அந்தக் குளிரில் போய்வந்த பிள்ளை என் வேனுக்குத் திரும்பி வருமா? வேன் போனால் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம்.

டின்னை எடுக்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், கோயில் உண்டியலை உடைக்கலாம் என்று நான் சொன்னது மாதிரி இருந்தது. வேண்டாம், கார்டைக் கொடுத்துவிட்டு வாங்கி வருகிறேன், நாளைக்கே காசு கிடைக்கும் என்றார். மறுபடியும் அந்த மாடிப்படி, மறுபடியும் சோறு வேண்டாம் என்கிற முகம். அப்புறம் எதை மறைப்பது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை, நம் ஆத்திர அவசரத்துக்குச் சேர்த்த காசு, மற்றவர்கள் கேட்கக்கூடாது என்று சாமி பேரைச் சொன்னேன் என்றேன். கத்துவார் என்று பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"நீ பொய்யா வச்சிருக்கலாம். நான் பொய்யா கும்பிடல."

அவர் கும்பிட்டபோதே அது சாமி காசாகிவிட்டது, அவ்வளவுதான் அவர் கணக்கு. மறுநாள் லீவு போட்டு பீடோங் போகப் போவதாகச் சொல்லிவிட்டார். அவர் பிடிவாதம் எனக்குத் தெரியும். அவரை அசைக்கக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. யாருக்குத் தெரியக்கூடாது என்று அந்த டின்னைச் செய்தேனோ, அவரேதான்.

காலையிலேயே போனேன். அண்ணி வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். போகும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஜோடித்துக்கொண்டு போனவள், போனதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தவில்லை. கையிலிருந்த மீனை ஆய்ந்து முடித்து, கையைக் கழுவி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வா என்று முன்னால் நடந்தார்.

என் கணவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணி நேராகச் சாமி மேடைக்குப் போய், டின்னைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தார்.

"தம்பி, அவ போட்டது சாமிக்கா வீட்டுக்கான்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க. நான் போட்டது சாமிக்கு இல்ல. உங்ககிட்ட வாங்கின கடன். அதை எடுத்து வண்டியைச் செய்."

நான்தான் மூடியைத் திறந்தேன். என் நோட்டுகள் எல்லாம் நான்காக மடித்தவை. அவற்றுக்கு நடுவே பீடி மாதிரி இறுக்கிச் சுருட்டிய நோட்டுகள் கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல. ஐந்து, பத்து, நடுநடுவே ஐம்பதுகூட. சுருட்டியதையெல்லாம் தனியாக எடுத்து வைக்க வைக்க, அந்தக் குவியல் பெரிதாகிக்கொண்டே போனது. போமன் கேட்ட பாதிக் காசுக்கு அதுவே போதும். சம்மனுக்கு வாங்கியது, கரண்டுக்கு வாங்கியது, பல்லுக்கு வாங்கியது என்று அண்ணி வாயாலேயே கணக்குச் சொன்னார். எனக்கே மறந்துபோன தொகையெல்லாம் அதில் இருந்தது. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறதாம்.

என் கணவர் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். சுருட்டிய நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி விரித்து, எடுத்துக்கொண்டு போமனிடம் போனார். மீதிப் பாதியை மூன்று மாதத்தில் கொடுக்கிறோம் என்று பேசி முடித்தார். வேன் அந்த வாரமே ஓடியது. இரண்டு பிள்ளைகள் குளிர் வேனிலேயே தங்கிவிட்டன, மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். நான்காக மடித்த நோட்டுகளை அவர் தொடவிடவில்லை. அது யாருடைய காசு என்பதில் எங்களுக்கு இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. இப்போது சேர்ப்பதை அலமாரியில் பூட்டி வைக்கிறேன். யாராவது கேட்டால், இருக்கிறது, வேனுக்கு வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கிறது.

அன்றைக்கு என் கணவர் போன பிறகு அண்ணிக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இத்தனை நாள் கையில் கொடுத்திருக்கலாமே, நான் வாங்கிக்கொண்டிருப்பேனே என்று கேட்டேன். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கையில குடுத்தா, அடுத்து பெருசா கேக்கத்தான் குடுக்கிறேன்னு நெனைச்சிருப்ப. நான் வாசலுக்கு வந்தாலே உன் முகம் ஒரு மாதிரி போகும். அதைப் பார்த்துக்கிட்டு நீட்டறதுக்கு எனக்குத் தைரியம் இல்லம்மா."

நான் அவரை ஒரு நாளும் கடுஞ்சொல் சொன்னதில்லை. வாங்க அண்ணி, உட்காருங்க அண்ணி என்றுதான் எப்போதும் சொல்லியிருக்கிறேன். அது போதும் என்று நினைத்திருந்தேன். கடன் கேட்க வந்த அத்தனை தடவையும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.