நாலு விரல் குறைந்த தண்ணீர்

எங்கள் ஆழ்வார்பேட்டை ஃபிளாட்டுக்கு இன்று வந்த தண்ணீர் லாரியில் புது டிரைவர்.

“குமார் அண்ணன் வரலையா?”

“அவரு லைசென்ஸ மூணு மாசம் முடக்கிட்டாங்க சார். ஓவர்லோடு.”

“எங்க நிறுத்தி எடை போட்டாங்க?”

“எங்க நிறுத்தறாங்க? ரோட்டுக்குள்ளயே மெஷின் பொதச்சு வச்சிருக்காங்க. வண்டி போய்க்கினு இருக்கச் சொல்லவே எட போட்டுடுது. அண்ணன் எப்பவும் எடைக்குப் பயந்து கொஞ்சம் கொறச்சுதான் புடிப்பாரு. இப்ப இன்னாவோ தெரியல, ரொப்பிக்கினு போயிட்டாரு.”

எனக்குத் தெரியும்.

போன மாதம் லாரியின் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, நாலு விரல் குறைகிறது என்று சத்தம் போட்டவன் நான். குமார் அண்ணன் அடுத்த நடையிலிருந்து விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவந்தார்.

மாடியிலிருந்து செகரட்டரி மாமி குரல் கொடுத்தார். “ரொம்பியிருக்கான்னு ஏறிப் பாருங்கோ!”

“ரொம்பியிருக்கு மாமி” என்றேன். ஏறவில்லை.

நண்பர்களே, குமார் அண்ணனுக்கு மூன்று மாதத்துக்கு ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள். லைசென்ஸ் கேட்காத வேலையாக.

வண்டி ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறென்ன தெரியும் என்று கேட்பீர்கள். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் தண்ணீரைத் தவிர எதுவும் கேட்டதில்லை.