இரண்டாவது அகப்பை

எங்கள் மீன்பிடி ஊரான ஷியோடோமாரியில் கினுயோவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோயில் பூசாரி, அவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் அவள் புருஷன் டோகுஜி. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும், ஆனால் கேட்காத மாதிரி இருந்தே கல்யாண காலம் முழுவதையும் ஓட்டிவிட்டார். மீன் ஏலக்காரன் முதல் தபால்காரன் வரை மற்ற நாங்கள் எல்லாரும் அவள் எதிரே வந்தால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்போம்.

மலைப்பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் கணவாய் மீனைத் தொடப் பயந்து அழுதாள் என்றால் இன்றைக்கு யார் நம்பப்போகிறார்கள்? இப்போது அவள் கத்தியை எடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் கணவாய் விரிந்து கயிற்றில் தொங்கும். டோகுஜிக்கு முழங்கால் போய்ப் படகை விற்ற பிறகு, மாடியில் கிடந்த இரண்டு அறைகளையும் கழுவித் துடைத்து வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டாள். கோடையில் கடலில் குளிக்க வருகிறவர்கள் தங்குவார்கள். மழையும் காற்றும் தொடங்கிவிட்டால் ஈ காக்காய் எட்டிப் பார்க்காது.

தங்க வருகிறவர்கள் அவளிடம் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது சோற்று விஷயத்தில்தான். உடம்பு இளைக்க வேண்டும் என்று டோக்கியோப் பெண்கள் ஒரு அகப்பைச் சோற்றோடு கிண்ணத்தை இழுத்துக்கொண்டால் கினுயோ விடமாட்டாள்.

“ஒத்த அகப்பையோட கிண்ணத்தை இழுக்கறியே, நீ என்ன செத்தா போயிட்டே? நீட்டு இப்படி!”

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரே அகப்பையோடு நிறுத்துவதில்லை. பேருக்கு நாலு பருக்கையாவது இரண்டாவது தடவை போட்டாக வேண்டும். ஒரே அகப்பையாக எடுத்துக் குவித்து வைப்பது வீட்டு முன்னோர் மாடத்தில் இருக்கிற செத்தவர்களுக்கு. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்தான், டோக்கியோக்காரர்கள் மறந்துவிட்டார்கள்.

கினுயோவுக்கு ஒரே மகன், கோஹெய். அப்பாவோடு கடலுக்குப் போகமாட்டேன், ஊரை விட்டுப் போய்ச் சமையல் வேலை கற்றுக்கொள்ளப்போகிறேன் என்று ஒரு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சொன்னான். டோகுஜி அவ்வளவாகப் பேசுகிற ஆளே கிடையாது. அன்றைக்கென்று பார்த்துப் பேசினார்.

“கடலுக்கு வர்றவனுக்குத்தான் இந்த வீட்டுல சோறு.”

கோஹெய் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். பாதிச் சோறு கிண்ணத்திலேயே இருந்தது. அப்படிப் போனவன் போனவன்தான். ஒசாகா பக்கம் ஏதோ உணவுக்கடையில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம் அதுவும் இல்லை. ஆகிவிட்டது பத்தொன்பது வருஷம்.

மறுநாள் சாயங்காலமே கினுயோ மகன் உட்காரும் இடத்தில் அவனுடைய குட்டைக் கால் வைத்த சாப்பாட்டுப் பலகையைப் போட்டு, சோறும் சூப்பும் மீனும் வைத்தாள். தூரக் கடலுக்குப் போனவன் வழியில் பட்டினி கிடக்கக் கூடாதென்று அவன் திரும்பும் வரை இப்படி வைப்பது ஊரில் உள்ள வழக்கம்தான். சாப்பிடும் முன்பு சூப் கிண்ணத்தின் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். மூடியின் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் போனவன் சௌக்கியம். மற்ற வீடுகளில் மாசக்கணக்கில் வைப்பார்கள், கினுயோ வருஷக்கணக்கில் வைத்தாள். புருஷனுக்கு அவள் சொன்ன பதில் அதுதான் என்று எனக்குத் தோன்றும். வாயால் ஊரையே உண்டு இல்லை என்று ஆக்குகிறவள், அந்த ஒரு விஷயத்தில் டோகுஜியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் அந்தப் பலகை பக்கம் கண்ணைத் திருப்பியதில்லை. எல்லாரும் சாப்பிட்டான பிறகு, ஆறிப்போன மகன் சோற்றை அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள்.

அடுத்த வீட்டு ஸுமி அவளைச் சீண்டிப் பார்ப்பாள்.

“ஏண்டி, சுடச்சுட ஊத்தி மூடி வச்சா யாருக்கா இருந்தாலும் வேர்க்கத்தானே செய்யும்?”

“தெரியும்டி. அதனாலதான் சுடச்சுட ஊத்தறேன்.”

இந்த நவம்பரில், இரண்டு நாள் விடாமல் மழை அடித்து ஓய்ந்த ஒரு மத்தியானம், யுகாரி என்ற பெண் வந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. சின்னப் பை, எங்கள் காற்றுக்குப் போதாத மெல்லிய கோட்டு. கோபேயிலிருந்து வருகிறாளாம், ஊர் சுற்றிப் பார்க்கவாம், இரண்டு ராத்திரி தங்க வேண்டுமாம். அறையைக் காட்டிவிட்டுக் கினுயோ இறங்கி வந்ததும் டோகுஜி குரலைத் தாழ்த்தினார்.

“தனியா ஒரு பொம்பளை. மழைக் காலத்துல. இந்த ஊர்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு? கவனிச்சுக்கோ.”

கடலோரத்தில் அறை வாடகைக்கு விடும் எல்லாருக்கும் உள்ள பயம்தான் அது. தனியாக வருகிற பெண் எதற்காக வருகிறாள் என்று யார் கண்டது? காலையில் செருப்பு மட்டும் பாறைமேல் கிடந்த கதைகள் இந்தக் கரையில் நிறைய உண்டு. அதனால் கினுயோ சாப்பாட்டை மாடிக்கு அனுப்பாமல், கீழேயே தங்களோடு உட்காரச் சொன்னாள்.

யுகாரி உட்கார்ந்ததும் காலியான இடத்தில் இருந்த நாலாவது பலகையைப் பார்த்தாள்.

“இது… யாருக்குங்க?”

“என் பையனுக்கு. ஒசாகா பக்கம் இருக்கான். இருங்க, காட்டறேன்.” கினுயோ மூடியைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பினாள். “பாத்தீங்களா? முத்து முத்தா. நல்லா இருக்கான்.”

அந்தப் பெண் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “தினமும் வைப்பீங்களா?” என்றாள்.

“தினமும்தான். பின்னே, ஒரு நாள் விட்டு ஒரு நாளா பசிக்கும்?”

யுகாரி அதற்கு மேல் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். “இந்தக் குளிர்ல காத்தா? மாடியில ஜன்னலைத் திறந்தா வேணுங்கற அளவு வரும்” என்று கினுயோ அவளை மாடிக்கே அனுப்பிவைத்தாள். படுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஒசாகாவுக்குப் பக்கத்து ஊர்தான் கோபே. யாரைப் பார்த்தாலும் குலம் கோத்திரம் வரைக்கும் குடைகிறவள், இந்தப் பெண்ணிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்தான். கேட்டால் பதில் வந்துவிடுமே.

மறுநாள் ஸுமி கொல்லைப் பக்கமாக ஓடிவந்தாள்.

“உன் வீட்டுக்கு வந்தவ ஐஸ் கொட்டகைக்குப் பின்னால போறாடி. நம்ம பசங்க நண்டு புடிக்கற பள்ளத்துக்கு. அந்த வழி வெளியூர்க்காரங்களுக்கு எப்படித் தெரியும்?”

கினுயோ கையில் கிடைத்த ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள். அது டோகுஜியுடையது, போகிற வழியெல்லாம் கழன்று கழன்று விழுந்தது. யுகாரி பாறையில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு காலில்தான் இருந்தது. கினுயோவுக்கு உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது.

“என் வீட்டுல தங்கறவங்க சும்மா உக்காரக் கூடாது. கணவாய் ஒரு கூடை கிடக்கு, வாங்க!”

“விருந்தாளியை வேலை வாங்குவீங்களா?” என்று அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள்.

“கோடையிலதான் விருந்தாளி. மழைக் காலத்துல கூலியாளு.”

அப்படியாக அவளை அடுப்படியில் கொண்டுவந்து உட்கார வைத்துக் கத்தியை நீட்டினாள். யுகாரி கத்தியை வாங்கவில்லை. கட்டை விரலை உள்ளே விட்டு, ஒரே இழுப்பில் தலையும் குடலும் கையோடு வரும்படி உருவினாள். இந்தக் கரையில் மட்டும்தான் அப்படிச் செய்வார்கள். கினுயோ கத்தியைக் கீழே வைத்தாள்.

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“என் வீட்டுக்காரர்.”

“சமையல்காரரா?”

“ஆமாங்க.”

கினுயோ அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கூடையில் கணவாய் தீரும் வரை விலைவாசியையும் ஸுமியின் மருமகளையும் பற்றி மூச்சு விடாமல் பேசினாள். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு மனசு வந்திருக்காது.

சாயங்காலம் கினுயோ மீனை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தாள். “சோறு நான் போடறேங்க” என்று யுகாரி அகப்பையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டாள். டோகுஜி வழக்கம்போலத் தொலைக்காட்சிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு அகப்பை. கினுயோவுக்கு இரண்டு. தனக்கு இரண்டு. நாலாவது கிண்ணத்தை எடுத்தாள். அது அவனுடைய நீலக் கோடு போட்ட கிண்ணம்.

ஒரே அகப்பை. நிறையக் கோரி எடுத்துக் குவித்தாள். அகப்பையின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டி உருண்டையாக்கினாள். பலகையில் வைத்தாள். வைத்த கையோடு கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

கோபே வீட்டில் தினமும் செய்து பழகிய கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. கண்ணைத் திறந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. முகம் வெளுத்துப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கினுயோ இடுக்கியும் கையுமாக நின்றாள். மீன் கருகும் வாடை வந்தது, யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

டோகுஜி எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். யுகாரியின் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டார்.

“கோஹெய்க்கு இன்னொரு அகப்பை வேணும்” என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பெயர் அவர் வாயில் வந்தது அன்றைக்குத்தான். சோறு பாதி கிண்ணத்திலும் பாதி பலகையிலும் விழுந்தது. சிந்தினதைப் பொறுக்கிப் பொறுக்கித் திரும்பவும் கிண்ணத்தில் வைத்தார்.

யுகாரி வாயைத் திறந்தாள். கினுயோ கையைக் காட்டித் தடுத்தாள்.

“இரும்மா. அவன் சாப்பிட்டு முடிக்கட்டும். அதுக்கப்புறம் சொல்லு.”

மூன்று பேரும் அவரவர் பலகையின் முன்னால் உட்கார்ந்தார்கள். கருகின மீனைத் தின்றார்கள். டோகுஜி மூன்றாவது தடவைக்குக் கிண்ணத்தை நீட்டினார். வாலிப வயசில்கூட அவர் மூன்றாவது தடவை கேட்டதில்லை. கினுயோ ஒன்றும் கேலி செய்யாமல் போட்டாள். அவர் ஒவ்வொரு பருக்கையாக மென்றார். ஊறுகாய் முள்ளங்கியை மென்று முடிக்கவே அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. எவ்வளவு மென்றாலும் சாப்பாடு என்று ஒன்று இருந்தால் முடியத்தானே வேண்டும். குச்சிகளைக் கீழே வைத்தார்கள். கினுயோவின் கை பழக்கத்தில், இன்னும் திறக்காத சூப் மூடியை நோக்கிப் போனது, தொடாமல் திரும்பி வந்தது.

“ம். சொல்லு. எப்போ?”

“ஆகஸ்ட் கடைசியிலம்மா. வயித்துல புற்று.” யுகாரி பாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “ஊருக்குச் சொல்லி அனுப்பட்டுமான்னு எத்தனையோ தடவை கேட்டேன். வேண்டாம்னுட்டாரு. ‘அந்த வீட்டுல எனக்குச் சோறு கிடையாது’ன்னு. கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. பலகை வைக்கற வழக்கத்தைப் பத்தி அவருதான் எனக்குச் சொன்னாரு. ‘மத்த வீட்டுல வைப்பாங்க, எனக்கு எங்கம்மா வச்சிருக்க மாட்டாங்க, அப்பா விட்டிருக்க மாட்டாரு’ன்னு. நிசமாவே வைக்கலையான்னு ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். இருக்கும்னு நினைக்கலம்மா.”

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது அவனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். யார் சொல்வது? ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நாங்கள் எல்லாருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

கினுயோ ஏதாவது சொல்லுவாள் என்று யுகாரி நிமிர்ந்து பார்த்தாள். யாரைத் திட்டுவது என்று கினுயோவுக்குத் தெரியவில்லை.

டோகுஜி நகர்ந்து போய் மகனுடைய பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். நீலக் கோடு போட்ட கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆறி இறுகிப்போன சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்தவர், வாய் வாயாக விழுங்கினார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்தச் சோற்றைத் தனியாகச் சாப்பிட்டு வந்த கினுயோ, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்ததும், சாப்பிட்டு முடித்தவர்களுக்கு ஊற்றுவதுபோல அதில் கொஞ்சம் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.