பதினேழாம் எண் கலசம்

பிப்ரவரி 6: 2,480 கிராம்
மார்ச் 6: 2,215 கிராம்
ஏப்ரல் 3: 2,040 கிராம்
மே 1: 1,925 கிராம்

இவை பதினேழாம் எண் கலசத்தின் எடைகள். என் தங்கையின் கணவர் மரத்தில் அஸ்திக் கலசம் கடைபவர். பத்தொன்பது ஆண்டுகளில் 1,146 கலசங்கள். பச்சைக் கட்டையை முதலில் தடிமனாகக் கடைந்து, ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண் எழுதி அலமாரியில் வைத்துவிடுவார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை நான் நிறுப்பேன். லாரி எடைமேடையில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவன். தராசை விட்டு இருக்கத் தெரியாது. தொடர்ந்து மூன்று முறை ஒரே எடை காட்டினால்தான் மரம் காய்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகே இறுதிக் கடைசல். பதினேழு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

தெருவில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். உட்கார்ந்து சாப்பிட்டு என் தங்கையே அதிகம் பார்த்ததில்லை.

மே 11 அன்று கண் டாக்டரைப் பார்த்துவிட்டு மாலை ஐந்தே காலுக்குப் பட்டறைக்குப் போனேன். பதினேழின் இடம் காலியாக இருந்தது.

“மாப்ள, பதினேழு எங்க?”

“குடுத்துட்டேன் மச்சான்.”

“அது காயலையே.”

“தெரியும்.” மரச்சுருள்களைக் கூட்டிக்கொண்டே பேசினார். “காலையில ஒரு டீச்சர் வந்தாங்க. அப்பாவோட சாம்பல் பிளாஸ்டிக் பையில, மடியில இருக்கு. நாலு மணிக்கு ரயில். ஆள் ஆறடியாம். காஞ்சது எல்லாமே சின்னது, சாம்பல் கொள்ளாது. சரி, பையோடயே போறேன்னு எந்திரிச்சாங்க. மனசு கேக்கல. அப்பவே கடைஞ்சு முடிச்சுக் குடுத்துட்டேன்.”

“ஈரம்னு சொல்லிக் குடுத்தீங்களா?”

கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினார்.

ஈர மரத்தில் முடித்த கலசம் காயக் காய வட்டம் கெட்டு நீளும். திருகு மூடி இறுகும். இல்லாவிட்டால் வெடிக்கும். வெடித்தால் அந்த டீச்சரின் அப்பா தரையில் கிடப்பார். அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அதே மரத்தில் அறுத்த பதினெட்டாம் எண்ணை எடுத்து, பதினேழின் அளவிலேயே கடைந்தார். சலித்த மணலை நிரப்பி மூடி, வீட்டு ஜன்னலில் வைத்தார். இங்கே இது என்ன ஆகிறதோ அங்கே அதுவும் அப்படித்தான் ஆகும் என்பது அவர் கணக்கு. பல் தேய்க்கும்போது பார்ப்பார், சட்டை மாட்டும்போது பார்ப்பார்.

“பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னை இப்படிப் பாக்கலண்ணே,” என்றாள் தங்கை.

ஜூன் 19 அன்று பதினெட்டின் மூடி திருகவில்லை. ரசீதில் இருந்த முகவரிக்கு, டீச்சருக்கு அன்றே கடிதம் எழுதச் சொன்னார். நடந்துகொண்டே சொன்னார்.

“மூடியத் திறக்காதீங்கன்னு எழுதுங்க. வேணாம், திறந்து பாருங்கன்னு எழுதுங்க.”

“மாப்ள, மூணாவது தாள் இது. ஒரு எடத்துல நின்னு சொல்லுங்க.”

“நின்னா வார்த்தை வரல மச்சான்.”

பதில் இல்லை. ஜூலை 24 அன்று அடிப்பக்கம் மயிரளவு விரிசல். மீண்டும் கடிதம். ஆகஸ்ட் 7 அன்று ஜன்னலில் மணல் கிடந்தது. நிறுத்தேன், ஆறு கிராம். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இன்னொரு கடைசல்காரரிடம் போய், மூன்று ஆண்டு காய்ந்த கட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். ஆகஸ்ட் 9 அன்று புதுக் கலசம் பார்சலில் போனது.

அதற்குப் பிறகு தினமும் வாசலில் நின்றார்.

“நீங்க நிக்கிறதப் பாத்தா நானே ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடலாம்னு தோணுதுண்ணே,” என்றார் தபால்காரர்.

கடைசியில் பதில் வந்தது. நான் வாசித்தேன்.

“வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டேன். உங்கள் கடிதங்களும் பார்சலும் ஒன்றாகத்தான் கைக்குக் கிடைத்தன. மூடி ஜூனிலேயே இறுகிவிட்டது. அதுவரை தினமும் திறந்து பார்ப்பேன். ஜூலைக் கடைசியில் அடியில் விரிசல் விட்டுக் கொஞ்சம் சிந்தியது. தாளில் வாரி எடுத்து, விரிசலை மெழுகால் அடைத்தேன். வாரியதைப் புதுக் கலசத்தில் போட்டிருக்கிறோம். பழையதை உடைக்க மனம் வரவில்லை. ‘உங்கப்பா உசுரோட இருக்கப்பவும் ரெண்டு வீட்டுல இருந்தவர்தானே’ என்கிறார் அம்மா. ஈரம் என்று சொல்லியிருந்தாலும் வாங்கித்தான் இருப்பேன். நீங்கள் சொல்லியிருக்கலாம்.”

கடைசி வரியை மட்டும் மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எடை நோட்டுல பதினேழுக்கு நேரா இதையும் எழுதிக்குங்க மச்சான். தேதியோட.”

எழுதினேன். கடிதம் வந்தது: செப்டம்பர் 4, திங்கட்கிழமை, காலை 11.20.