இரண்டு துளையுள்ள கல்

கத்தாரில் வேலை செய்யும் என் தம்பி, போன மாரிக்கு முன் விடுமுறையில் வந்தபோது எனக்கு ஓர் எலும்பைக் கொண்டுவந்தான். அங்குள்ள சந்தையில் மொரோக்கோக்காரர் ஒருவரிடம் வாங்கினானாம். தேநீர்க் கோப்பை அளவில் உருண்டையாக, முற்றிலும் கல்லாகிப்போன எலும்பு. நீண்ட கழுத்தும் துடுப்புப் போன்ற நான்கு கால்களுமாகக் கடலில் வாழ்ந்து, டைனோசர்களின் காலத்தோடு அழிந்துபோன பிளீசியோசர் என்னும் ஊர்வனவின் கழுத்தெலும்பு அது. அடிப்பக்கத்தில் அருகருகே இரண்டு சிறு துளைகள். இரத்தக்குழாய்கள் சென்ற வழி அவை என்று பின்னர் வாசித்து அறிந்தேன்.

அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்க்க வந்தார். அவருடைய மகனைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. மையித்தாகக்கூட உடல் கிடைக்கவில்லை. பள்ளிவாசலில், உடல் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸாத் தொழுகை நடந்தது. தலைமாட்டில் அடையாளமாக மீசான் கட்டை நடுவதற்கு ஒரு கப்ருக்குழி இல்லை. இதெல்லாம் தெரிந்திருந்தும், வாசித்ததைச் சொல்லும் ஆசை என்னை முந்திக்கொண்டது. சேறு உடனே மூடிவிட்டால் கடலடியில் எலும்பு கெடாமல் கிடக்கும், மெல்ல மெல்லக் கல்லாகும் என்று சொல்லி, அந்தத் துளைகளையும் தொட்டுக் காட்டினேன்.

கையில் வாங்கிய ராத்தா அதைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப என்ட மகனும் கெடப்பானா புள்ள?"

அது எவ்வளவு அரிதானது, எத்தனை கோடி ஆண்டுகள் எடுப்பது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். "ஓம் ராத்தா" என்றேன்.

அதன் பிறகு அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும், கடற்கரைக்குப் போக அவர் வேலிப் படலையைத் திறக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. கரைவலை இழுப்பவர்கள், ராத்தா முத்துக் குளிக்கப் போகிறாவா என்று பகிடி பண்ணினார்களாம். சேலைத் தலைப்பில் அவர் முடிந்து வந்தவை பெரும்பாலும் பவளப் பாறையிலிருந்து உடைந்த முருகைக்கற்கள். உடம்பெல்லாம் துளையுள்ள அக்கற்களில், இரண்டே துளை தெரிபவற்றைத் தேடிப் பொறுக்கியிருப்பார். ஒவ்வொன்றையும் கழுவி, திருப்பிப் பார்த்து, எலும்பு இல்லை என்பேன். பிறகு தேநீர் ஊற்றிக் கொடுப்பேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லமாட்டேன். அவருடைய மகள் ஒருநாள் வேலிக்கு மேலால், "உங்கட கதையாலதான் உம்மா வெயில்ல அலையிறா" என்றாள். நான் அடுப்பைப் பார்க்க உள்ளே போனேன்.

போன வாரம் ராத்தா கொண்டுவந்தது அலை தேய்த்து உருட்டிய ஒரு செங்கல் துண்டு. முன்பு கடலோரத்தில் நின்ற ஏதோ ஒரு வீட்டினுடையதாக இருக்கலாம். அதில் சரியாக இரண்டு துளைகள் இருந்தன. அவர் கல்லைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கல்தான் என்றேன்.

"நான் கொண்டாற எல்லாத்துக்கும் இல்ல எண்டுதானே சொல்றாய். அண்டைக்கு மட்டும் எப்பிடிப் புள்ள ஓம் எண்டாய்?"

"உங்கட முகத்தப் பார்த்து இல்ல எண்டு சொல்ல ஏலாமப் போயிட்டு ராத்தா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். செங்கல் துண்டைத் திரும்பத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவருடைய படலை சுபஹுக்குப் பின் திறப்பதில்லை. உம்மா இப்போது வீட்டோடு இருப்பதாக மகள் வேலியருகே வந்து எனக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை.