சில்வர்னா வெள்ளியா?

முதலில் மன்னித்துவிடுங்கள். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறியதில்லை. படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அப்படிப்பட்டவள், விமானத்தில் சாப்பாடு பரிமாறிய கரண்டி, கிண்ணங்களைப் பற்றி எழுத வந்தால்... அதிகப்பிரசங்கித்தனம்தான். வாராவாரம் என்னைப் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓமலூரில் எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை. பழையதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியதை வாங்கிப்போகிற கடை. அப்படி வந்த சாமான்களுக்குள் ஒருநாள் ஒரு முள்கரண்டி கிடந்தது. கறுத்துப்போயிருந்தது. விபூதி போட்டுத் தேய்த்தேன் – கைப்பிடியில் இறக்கை விரித்த பறவை ஒன்று தெரிந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு விமானக் கம்பெனியின் பெயர்.

அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு. ஒரு காலத்தில் விமானத்தில் வெள்ளிப் பூச்சு பூசிய சாமான்களில் பரிமாறுவார்களாம். இந்தக் கரண்டியால் யார் சாப்பிட்டிருப்பார்கள்? எந்தக் கடலுக்கு மேலே? அங்கிருந்து ஓமலூர் எடைத்தட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது? பதில் கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கப் பிடிக்கிறது. சந்தை, காயலான் கடை என்று தேடிப்பிடித்து, கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கிறேன்.

"சோறே போடாத பிளேனு ஒண்ணு ஓட்டறா எங்கூட்டுக்காரி" – கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்வது இது.

போன வாரம் மேச்சேரியிலிருந்து பாக்கியம் அக்கா வந்தார். ஆடு வளர்ப்பவர், எங்கள் பழைய வாடிக்கை. அப்பா அம்மா போனபிறகு தம்பி முருகேசனையும் தங்கையையும் ஆளாக்கியவர் அவர்தான். தங்கையைச் சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். முந்தானையில் சுற்றி வைத்திருந்ததை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

இரண்டு காது வைத்த சர்க்கரைக் கிண்ணம். அதே பறவை. என் அலமாரியில் இல்லாதது, நான் வருஷக்கணக்காகத் தேடுவது.

"இதக் கொஞ்சம் பளபளன்னு பண்ணிக் குடு கண்ணு. நாளைக்குத் தங்கச்சி கொழந்தைக்கு மொதச் சோறு ஊட்டறாங்க. தாய்மாமன் சீரு வெக்கோணும். முருகேசன் பம்பாயிலிருந்து வர முடியாதுன்னுட்டான். அவங் குடுத்த வெள்ளிக் கிண்ணம் இருக்குது, கொண்டாறேன்னு சம்பந்தி ஊட்ல சொல்லிப்போட்டேன்."

"வெள்ளின்னு யாருங்கக்கா சொன்னாங்க?"

"அவந்தான். ஏர்போர்ட்டுச் சமையக்கட்டுல பாத்திரங் கழுவிக்கிட்டிருந்தப்ப, பழசெல்லாம் ஓரங்கட்டி வேலைக்காரங்களுக்கு ஆளுக்கொண்ணு குடுத்தாங்களாம். என்னடா இதுன்னேன். 'சில்வரு அக்கா'ன்னான்."

கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இருந்த எழுத்துகள் எனக்குப் பழக்கமானவை. நிக்கல் கலந்த உலோகம், மேலே வெள்ளிப் பூச்சு. அவ்வளவுதான்.

"சம்பந்தியோட தம்பி சேலத்துல கொலுசுப் பட்டறை வெச்சிருக்காரு. அவரும் வாராரு" என்று அக்கா பெருமையாக வேறு சொன்னார்.

பட்டறைக்காரர் கையில் எடுத்தாலே கண்டுபிடித்துவிடுவாரே... அத்தனை பேர் முன்னால் அக்காவின் முகம் என்னாகும்? சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? பழசை மட்டம் தட்டிப் பேசுவதுதான் எங்கள் வியாபாரத்தின் பாலபாடம். அலமாரியில் வைக்க ஆசைப்பட்டு மட்டம் தட்டுகிறாள் என்று நினைத்துவிட்டால்? ஆசை இருந்ததும் உண்மைதானே.

விபூதியைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏங்கண்ணு, இந்தக் காதோரம் மட்டும் ஏன் வேற நெறமா இருக்குது?"

பூச்சு தேய்ந்து உள்ளே இருந்த உலோகம் எட்டிப் பார்த்தது. "தம்பிக்கு ஒரு போன் போடுங்கக்கா" என்றேன். அவ்வளவுதான் எனக்கு முடிந்தது.

அக்கா ஸ்பீக்கரில் போட்டார். "முருகேசா, அந்தக் கிண்ணம் வெள்ளிதானடா?"

"வெள்ளியா? சில்வர்னுதானக்கா சொன்னேன்."

"சில்வர்னா வெள்ளிதானடா."

"சில்வர்னா சில்வரு அக்கா. நம்மூட்டுச் சில்வர் டம்ளர் இல்லியா, அந்த மாதிரி. அங்க எல்லாரும் சில்வரு சில்வருன்னுதான் சொன்னாங்க. சீக்கிரம் கறுத்துப்போற மட்டச் சில்வருன்னு நெனச்சுத்தான் உனக்குக் குடுத்தேன்."

"அப்ப நல்லதுன்னா பொண்டாட்டிக்குக் குடுத்திருப்ப?"

அக்கா போனை வைத்துவிட்டார்.

நம் பக்கத்தில் சில்வர் என்றால் எவர்சில்வர். தம்பி அப்படி நினைத்துக் கொடுத்திருக்கிறார். பம்பாயிலிருந்து வந்த இங்கிலீஷ் வார்த்தையாயிற்றே, அக்கா வெள்ளி என்று எடுத்துக்கொண்டார். ஏர்போர்ட்டில் சொன்னவர்களோ பூச்சைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே வார்த்தைதான். யாருக்கு எது பழக்கமோ, எது தேவையோ, அதுதான் காதில் விழுகிறது போல.

"பூச்சுங்கக்கா" – இப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "உள்ள வேற. மேல மட்டும் நெசமான வெள்ளி."

அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என் அலமாரியை. பிறகு என்னை.

"உனக்கு வேணுமா கண்ணு?"

"வேணுங்கக்கா." வாய்தவறி வந்துவிட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அதுக்குத்தான் இத்தன நேரம் முழிச்சியா?" அக்கா சிரித்தார். "நேத்துக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன் சாமி. இன்னிக்கு இது மாமன் சீரு. தேச்சது போதும், குடு. உட்டா இருக்கற பூச்சையும் எடுத்துப்போடுவ."

"சபையில என்னன்னு சொல்வீங்க?"

"இருக்கறதச் சொல்றேன்." முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் சேந்தமங்கலத்தில், பட்டறைக்காரர் கிண்ணத்துக்குக் கை நீட்டும் முன்பே, "வெள்ளி இல்லீங்க, பூச்சுத்தான். மாமன் பம்பாயில கழுவுனது" என்று அக்கா சொல்லிவிட்டாராம். அதிலேயே ஊட்டினார்கள். குழந்தை சாப்பிட்டது.