போயிட்டு வரேன் என்ற இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

1984-ல் சிராங்கூன் ரோட்டில் இருந்த வேலாயுதம் ஜவுளிக்கடைக்கு அறிவு வந்து சேர்ந்தது. பேரின்பநாயகம் என்ற புது மானேஜரின் உருவத்தில், கழுத்தில் டையோடு வந்தது. கடைக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் சேலைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கிப் போனார்கள். அது ஏன் என்று கண்டுபிடிக்கும் வித்தையை அவர் மூன்று நாள் கருத்தரங்கில் படித்து வந்திருந்தார். பன்னிரண்டு வருஷமாகச் சேலைப் பிரிவில் நிற்கும் அல்போன்சம்மாளைக் கேட்டிருந்தால் மூன்று நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். அவளிடம்தான் சான்றிதழ் இல்லையே!

ஆகவே அவர் கேட்கவில்லை. கட்டம் போட்ட அட்டைகளைக் கொடுத்தார். யார் வந்தார், எத்தனை நிமிஷம் நின்றார், வாங்கினாரா, போகும்போது என்ன சொன்னார் என்று நான்கு கட்டங்கள்.

அல்போன்சம்மாள் லூர்து மாதா கோவிலில் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள். பொய் எழுதத் தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே எழுதினாள். 'போறேன்' என்று சொல்லிப் படியிறங்குகிற தமிழர் யார்? அட்டைக்கு அட்டை 'போயிட்டு வரேன்'தான்.

பேரின்பநாயகம் வீட்டில் 'பை பை' சொல்லியே வளர்ந்தவர். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்துப் பூரித்துப் போனார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் திரும்பி வர வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்! அவர்களை வரவேற்க, சனிக்கிழமைக்கு நாற்காலிகளும் இரண்டு வாளி ரோஸ் சர்பத்தும் தயாராயின.

வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் தபால்காரர்.

"என்னம்மா இது? வரேன்னு எழுதிக் குடுத்தீங்க, ஒருத்தரும் வரல லா! ரெக்கார்டெல்லாம் பொய்யா?"

"சார், எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சாவு வீட்டுல மட்டும்தான் சொல்லாமப் போவாங்க."

இதை மானேஜர் கிண்டலாக எடுத்துக்கொண்டார். முதலாளி வேலாயுதம் சர்பத் வாளிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இந்த மாசத்தோட நின்னுக்கம்மா" என்றார்.

ஈசூனில் இருக்கும் அவள் வீட்டுக்குச் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான். கணவர் இடுப்பு விழுந்து படுக்கையாகி இரண்டு வருஷமாகிறது. அல்போன்சம்மாள் அழவில்லை.

"நின்னுக்கிறேன், முதலாளி. ஒரே ஒரு நாள் நான் சொல்றபடி விடுங்க. ஏன் வாங்காமப் போறாங்கன்னு காட்டுறேன்."

போன தைப்பூசத்தன்று ஒரு சேலை தானாக நடந்து வெளியே போய்விட்டது. அன்றிலிருந்து எந்தச் சேலையும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். டியூப் லைட்டுக்குக் கீழே எல்லா நிறமும் ஒரே சீக்காளி நிறம். வந்தவர்கள் எல்லாரும் "கொஞ்சம் வெளிச்சத்துல பாக்கலாமாக்கா?" என்று கேட்டார்கள். அதை எழுதத்தான் அட்டையில் கட்டம் இல்லை.

மறுநாள் அவள் சேலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலை ஒட்டிய நடைபாதையான அஞ்சடியின் ஓரத்துக்கு, வெயில் விழும் இடத்துக்கு வந்தாள். முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே காவல் நின்றார்.

"அய்யே, உள்ள அரக்கு மாதிரி இருந்துச்சு. இது காப்பி கலருக்கா!" என்றாள் காத்தோங்கிலிருந்து வந்த ஒரு பெண்.

"அப்ப இது வேணாம். உங்க நிறத்துக்கு அந்தப் பச்சையைப் பாருங்க."

அவள் பச்சையை வாங்கினாள். மத்தியானத்துக்குள் பதினோரு சேலைகள் போயின. ஒன்றுகூடத் தானாக நடக்கவில்லை.

சாயங்காலமே அஞ்சடியில் ஒரு மேசை போடப்பட்டது. அல்போன்சம்மாளுக்கு வேலை தப்பியது. நிழலில் நின்று பார்த்த வேலையை இனி வெயிலில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மேசையைக் கண்டுபிடித்ததற்காகப் பேரின்பநாயகத்துக்குச் சம்பளம் உயர்ந்தது.